டர்பன் சாலையில் ஹார்ஸ் மடங்காமல் லாரி ஓட்ட: புது ஓட்டுநர்களுக்கு

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி லாரித் தொழிலில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. அப்பாவோ மாமாவோ ஓட்டிய வண்டியைக் கையில் எடுக்கும் பிள்ளைகளுக்கும், வேறு வேலையிலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறோம். ட்ரெய்லர் கோத்த கனரக லாரிக்கான, பழைய ஆட்கள் இன்னும் கோட் 14 என்றே சொல்லும் இசி லைசென்ஸும், சரக்கு ஓட்டுவதற்கான பிஆர்டிபி அனுமதியும் கையில் வந்துவிட்டால் வேலை கிடைத்துவிடும். ஆனால் லைசென்ஸுக்கான கே53 தேர்வில் சோதிப்பது முற்றத்தில் பின்னால் எடுப்பதையும் சாலையில் ஒழுங்காக ஓட்டுவதையும்தான். ஹில்ட்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு வரும் டவுன் ஹில் இறக்கத்தில் காலி ட்ரெய்லரோடு மழையில் இறங்கும்போது பிரேக்கை எப்படித் தொட வேண்டும் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை. ஜாக்நைஃப் நடப்பது அங்கேதான்.

ஜாக்நைஃப் என்றால் மடக்குக் கத்தி. கத்தியின் அலகு பிடிக்குள் மடங்குவதுபோல ஹார்ஸ் திரும்பி ட்ரெய்லரின் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். இழுக்கும் முன்வண்டியைத் தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் ஹார்ஸ் என்றே சொல்வதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அதன் முதுகில் இருக்கும் வட்டத் தட்டு ஃபிஃப்த் வீல். ட்ரெய்லரின் அடியிலிருந்து இறங்கி அந்தத் தட்டின் தாடைக்குள் பூட்டிக்கொள்ளும் இரும்புக் குச்சி கிங்பின். மடங்குவது இந்த மூட்டில்தான்.

ஏன் மடங்குகிறது

பார வண்டி இறக்கத்தில் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு வண்டியை இழுக்கும் வரை எல்லாம் நேராகப் போகும். இறக்கத்தில் பாரம் நுகத்தை முன்னே தள்ளத் தொடங்கியதும் மாடு கொஞ்சம் கால் பிசகினால் போதும், வண்டி மாட்டை ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். லாரியிலும் இதே கதைதான். ஹார்ஸ் இழுத்துக்கொண்டிருக்கும்போது ட்ரெய்லர் பின்னால் ஒழுங்காக வரும். ஹார்ஸின் வேகம் ட்ரெய்லரின் வேகத்தைவிடச் சட்டென்று குறைந்தால், பின்னால் இருக்கும் டன் கணக்கான எடை கிங்பின் வழியாக ஹார்ஸின் முதுகைத் தள்ளும்.

அந்தத் தள்ளலை எதிர்த்து நிற்பது ஹார்ஸின் பின் டயர்கள் சாலையைப் பிடித்திருக்கும் பிடிதான். உருளும் டயர் முன்னும் பின்னும் உருளுமே தவிர, பக்கவாட்டில் லேசில் நகராது. பூட்டிக்கொண்ட டயருக்கு இந்தக் குணம் போய்விடுகிறது. சோப்புத் தண்ணீர் கொட்டிய சிமெண்டுத் தரையில் தள்ளிய பெட்டிபோல எந்தப் பக்கம் தள்ளினாலும் போகும். ஹார்ஸும் ட்ரெய்லரும் அப்போது அம்புபோல ஒரே கோட்டில் இருந்தால் தப்பிக்கலாம். கொஞ்சம் கோணலாக இருந்தால் ட்ரெய்லரின் தள்ளல் ஹார்ஸின் பின்பக்கத்தை ஒதுக்கிக்கொண்டு போகும். ஒன்றிரண்டு வினாடியில் கேபின் ட்ரெய்லரை இடித்துவிடும்.

எந்தச் சக்கரம் பூட்டுகிறது என்பதைப் பொறுத்து மூன்று விதமாக நடக்கும். இதைப் புது ஓட்டுநர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

ஹார்ஸின் முன் சக்கரம் பூட்டினால் வண்டி நேராகவே போகும், ஸ்டியரிங் கேட்காது. ஹார்ஸின் பின் சக்கரம், அதாவது எஞ்சின் சுற்றும் டிரைவ் சக்கரம் பூட்டினால் அது அசல் ஜாக்நைஃப். மிக வேகமாக நடக்கும், திருப்பி எடுப்பது கடினம். ட்ரெய்லரின் சக்கரம் பூட்டினால் ட்ரெய்லரின் வால் பக்கத்து லேனுக்குள் வீசிக்கொண்டு வரும். இதை ட்ரெய்லர் ஸ்விங் என்பார்கள். கொஞ்சம் மெதுவாக நடப்பதால், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பவரால் காப்பாற்ற முடியும்.

ஆறு மீட்டர் ட்ரெய்லரும் பன்னிரண்டு மீட்டர் ட்ரெய்லரும் சேர்ந்த சூப்பர்லிங்க் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அதில் மூட்டு இரண்டு. இரண்டாவது மூட்டு மடங்கத் தொடங்கினால் ஓட்டுநர் இருக்கையில் எதுவும் தெரியாது. கண்ணாடி மட்டும்தான் சொல்லும்.

காலி வண்டிதான் அதிக ஆபத்து

பாரம் ஏற்றிய வண்டிதான் பயங்கரம், காலியாகத் திரும்பும்போது நிம்மதி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். ஜாக்நைஃபைப் பொறுத்தவரை இது தலைகீழ்.

இங்கே சட்டப்படி ஒரு லாரித் தொடரின் மொத்த எடை 56 டன் வரை போகலாம். பாரம் ஏற்றிய ட்ரெய்லரின் ஒவ்வோர் அச்சிலும் 9 டன் வரை உட்கார்ந்திருக்கும். சரக்கை இறக்கிவிட்டால் அதே அச்சில் இரண்டு டன்னை ஒட்டித்தான் இருக்கும். பிரேக்குகள் 9 டன்னை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. அதே அழுத்தத்தில் மிதித்தால், எடை இல்லாத சக்கரம் உடனே பூட்டிக்கொள்ளும். சுமைக்கு ஏற்ப அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ட்ரெய்லரில் இருக்கும். அது துருப்பிடித்தோ கம்பி அறுந்தோ கிடந்தால் பாதுகாப்பு போய்விடும். சரக்கை இறக்கியதும் அந்த வால்வை ஒருமுறை குனிந்து பாருங்கள்.

ட்ரெய்லரே இல்லாமல் தனி ஹார்ஸாகத் திரும்பும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். பின் அச்சில் எடையே இல்லை, ஈரத்தில் சட்டென்று சுழன்றுவிடும்.

புறப்படுமுன் யார்டில்

வண்டிக்குக் கற்பூரம் காட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்படும் வழக்கம் நம்மவர்களிடம் இன்றும் உண்டு. நல்ல வழக்கம். அதோடு இன்னொரு இருபது நிமிடத்தைக் கீழே உள்ள வேலைகளுக்கு ஒதுக்குங்கள்.

1. இணைப்பு. ட்ரெய்லரின் அடித்தட்டு ஃபிஃப்த் வீலைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி நிற்கும் கால்களைச் சரிசெய்து, நேராகப் பின்னால் எடுங்கள். பூட்டும் சத்தம் கேட்டதும் நம்பிவிடக் கூடாது. ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்துவைத்து, தாழ்ந்த கியரில் மெதுவாக முன்னே இழுத்துப் பாருங்கள். பிறகு இறங்கி டார்ச் அடித்துப் பாருங்கள்: தாடை கிங்பினைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், இரண்டு தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது, கைப்பிடி முழுதாக உள்ளே போய்ப் பாதுகாப்புக் கொக்கி விழுந்திருக்க வேண்டும்.

2. ஃபிஃப்த் வீலுக்கு கிரீஸ். வறண்ட தட்டில் ட்ரெய்லர் சுலபமாகத் திரும்பாது. ஹார்ஸ் வளைவில் திரும்ப நினைக்கும்போது ட்ரெய்லர் அதை நேராகவே தள்ளும். ஈரச் சாலையில் அதுவே முதல் கோணலுக்குக் காரணமாகிவிடும். தாடை தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு குலுக்கல் வரும். அதைப் பழகிக்கொள்ளாமல் பட்டறைக்குச் சொல்லுங்கள்.

3. ஹார்ஸையும் ட்ரெய்லரையும் இணைக்கும் சூசி குழாய்கள். சிவப்பு வழியாக ட்ரெய்லரின் டேங்குக்குக் காற்று போகிறது. மஞ்சள் வழியாக உங்கள் கால் மிதிக்கும் கட்டளை போகிறது. உரசிய இடம், விரிசல், ரப்பர் வளையம் விழுந்த இணைப்பு எதையும் விடாதீர்கள். சிவப்புக் குழாய் ஓட்டத்தில் அறுந்தால் ட்ரெய்லர் பிரேக் தானே பூட்டிக்கொள்ளும். மஞ்சள் குழாய் சரியாக மாட்டவில்லை என்றால் ட்ரெய்லருக்குப் பிரேக்கே இருக்காது. நிறுத்தும் வேலை முழுவதும் ஹார்ஸ் தலையில் விழும், பின்னால் இருப்பது முன்னே தள்ளும்.

4. காற்று. டேங்குகளில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். ஹாரிஸ்மித் பக்கம் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். வால்வில் தண்ணீர் உறைந்தால் பிரேக் தாறுமாறாகப் பிடிக்கும். பிறகு காற்றை முழுதாக ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்தே வைத்துக்கொண்டு முள்ளைப் பாருங்கள். முதலில் விழும் அளவை விட்டுவிட்டு, அதன்பின் அந்த ஒரு நிமிடத்தில் 0.3 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது.

5. பிரேக் இடைவெளி. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக்கை விடுவித்து, பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கையான ஸ்லாக் அட்ஜஸ்டரை, காற்றழுத்தம் தள்ளும் தள்ளுகோல் சேரும் இடத்தில் கையால் இழுத்துப் பாருங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இடைவெளி அதிகம். தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டரைக் கையால் முறுக்கி இறுக்கி ஓட்டும் பழக்கம் வேண்டாம். அது உள்ளே இருக்கும் கோளாறை மறைக்கிறது.

6. டயர். சட்டம் கேட்பது 1 மில்லிமீட்டர் பள்ளம். மழைக்கு அது போதாது. டிரைவ் டயரில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தாலே மாற்றச் சொல்லுங்கள். இரட்டை டயரில் ஒன்றில் காற்று குறைந்திருந்தால் கட்டையால் தட்டும் சத்தத்தை மட்டும் நம்பாமல் கேஜ் வைத்து அளங்கள்.

7. ஏபிஎஸ் விளக்கு. சாவியைத் திருப்பியதும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். ட்ரெய்லரின் ஏபிஎஸ் வயரை மாட்டாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். பின்விளக்கு எரிகிறது, அது போதும் என்று நினைக்கிறார்கள். சக்கரம் பூட்டாமல் காப்பாற்றும் முக்கியமான கருவியை யார்டிலேயே விட்டுவிட்டுப் போவது அது.

பழுது கண்டால் வண்டியை எடுக்காதீர்கள். முதலாளி சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். குடும்பத் தொழிலில் இந்த வார்த்தை வாயில் வருவது கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டும்.

ஏற்றும் விதம்

சூப்பர்லிங்கில் ஒரே ஒரு பகுதிச் சரக்குதான் இருக்கிறது என்றால் அது முன் ட்ரெய்லருக்குத்தான் போக வேண்டும். முன்னது காலி, பின்னது பாரம் என்று போனால், கனமானது லேசானதைத் தள்ளும் நிலையைக் கையாலேயே உண்டாக்குகிறீர்கள். சரக்கை இறக்கும் வரிசையையும் இதை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். வழியில் மாரிட்ஸ்பர்க்கில் முன் ட்ரெய்லரைக் காலி செய்துவிட்டு பின் ட்ரெய்லர் பாரத்தோடு டர்பனுக்கு இறங்குவது சௌகரியமாகத் தோன்றும். அது தவறான வரிசை.

ஒரே ட்ரெய்லரிலும் எடை வால்பக்கம் சேர்ந்தால் கிங்பின் மேல் அழுத்தம் குறையும், டிரைவ் சக்கரத்துக்குப் பிடி குறையும். சரக்கு நகராமல் கட்டுங்கள். டேங்கரில் பாதி நிரம்பிய திரவம் பிரேக் பிடித்த பின்னும் முன்னே வந்து இடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கம்

ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்பன் கடற்கரையில். அந்த உயரம் முழுவதையும் என்3 சாலையில் எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். வான் ரீனன் கணவாயில் ஒரு பெரிய இறக்கம், ஹில்ட்டனிலிருந்து மாரிட்ஸ்பர்க்குக்கு டவுன் ஹில், பிறகு கீ ரிட்ஜ் என்று அது பிரிந்து கிடக்கிறது. பைன்டவுன் பக்கம் எம்13 சாலையின் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் 2013 செப்டம்பர் 5 அன்று ஒரு லாரி மினிபஸ் டாக்சிகள் மேல் மோதி 24 பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை வந்தது அதன் பிறகுதான். டர்பனில் லாரி ஓட்டும் எவரும் அந்த நாளை மறக்கக் கூடாது.

இறக்கத்தில் செய்ய வேண்டியது உச்சியிலேயே தொடங்குகிறது. கட்டாய நிறுத்தம் என்று பலகை இருந்தால் நிற்கவே வேண்டும். காற்று முள்ளைப் பாருங்கள், கியரைத் தாழ்த்துங்கள். பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் போய் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் மறுபடி கியர் விழாது. அதே சாலையில் மேலே ஏற எந்தக் கியர் தேவைப்படுமோ அதைவிடத் தாழ்ந்த கியரில் இறங்குவது நல்லது.

பாதுகாப்பான வேகம் 40 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் பிரேக் வண்டியைத் தாங்கட்டும். முள் 40-ஐத் தொட்டதும் கால் பிரேக்கை உறுதியாக மிதித்து, மூன்று வினாடிக்குள் 32-க்குக் கொண்டுவந்து, முழுதாக விட்டுவிடுங்கள். மறுபடி 40 வந்ததும் மறுபடி. லேசாக மிதித்தபடியே நீண்ட தூரம் இறங்கினால் டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடியை இழக்கும், தள்ளுகோல் இன்னும் அதிக தூரம் போக வேண்டியிருக்கும். கடைசியில் சில சக்கரங்களில் மட்டும் பிரேக் மிஞ்சும். அந்தச் சமமின்மைதான் வண்டியை மடக்குகிறது. காற்று அழுத்தம் 4, 5 பாருக்கு இறங்கி எச்சரிக்கை மணி அடித்தால் அடுத்த ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானே பிடிக்கும். எப்போது, எந்தச் சக்கரத்தில் என்பது உங்கள் கையில் இருக்காது.

பிரேக் போய்விட்டது என்று தெரிந்தால் சரளை நிரப்பிய தப்பிக்கும் பாதை, ஆரெஸ்டர் பெட், எங்கே இருக்கிறதோ அதில் ஏற்றுங்கள். வண்டி சேதமாகும் என்று தயங்க வேண்டாம். அது அதற்காகவே கட்டப்பட்டது.

மழை, மூடுபனி, பனி

எஞ்சின் பிரேக்கும், கால் பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் ரிடார்டரும் பிடிப்பது டிரைவ் சக்கரத்தை மட்டும்தான். உலர்ந்த சாலையில் அது வரம். ஈரச் சாலையில், காலி ட்ரெய்லரோடு, அதே கருவி டிரைவ் சக்கரத்தை மட்டும் பூட்டி ஹார்ஸை மடக்கிவிடும். கால் பிரேக்கைத் தொடவே இல்லை, வண்டி எப்படி மடங்கியது என்று கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். மழை தொடங்கியதும் ரிடார்டரை அணையுங்கள், அல்லது மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். குரூஸ் கன்ட்ரோலும் வேண்டாம். ஈரத்தில் நீண்ட இறக்கம் என்றால் வேகத்தை இன்னும் குறைத்துத் தாழ்ந்த கியரில் ஊர்ந்துதான் இறங்க வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

கோடை மாலைகளில் இடியோடு வரும் மழையின் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் மிக மோசமானது. பல நாள் சேர்ந்த டீசலும் எண்ணெயும் ரப்பர்த் தூளும் தண்ணீரோடு கலந்து சாலை வழுக்கும். நன்றாகப் பெய்து கழுவிய பிறகு கொஞ்சம் தேவலை.

9 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு உச்ச வேகம் 80 கிமீ. ஈரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து 55-க்கு வாருங்கள். கணக்கைப் பாருங்கள்: 80-இல் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்றால் அதற்குள் 33 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நிற்க மேலும் ஏறத்தாழ 50 மீட்டர், ஈரத்தில் 80-க்கு மேல். ஆக ஈரத்தில் மொத்தம் 115 மீட்டரை ஒட்டி ஆகும், அதுவும் பிரேக்கெல்லாம் சரியாக இருந்தால். 22 மீட்டர் நீள வண்டிக்கு முன்னால் எட்டு வினாடி இடைவெளி விடுங்கள். முன் வண்டி ஒரு பலகையைக் கடந்ததும் எண்ணத் தொடங்குங்கள். எட்டு எண்ணும் முன் நீங்கள் அந்தப் பலகைக்கு வந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள். அந்த இடைவெளியில் டாக்சி புகுந்தால் கோபப்படாமல் மறுபடி பின்வாங்குங்கள். இடைவெளி குறைந்தவர்தான் அவசரப் பிரேக் அடிக்கிறார். அவசரப் பிரேக்தான் ஜாக்நைஃபின் தாய்.

வளைவில் பிரேக் அடிக்கக் கூடாது, வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் ஹார்ஸும் ட்ரெய்லரும் ஏற்கெனவே கோணலில் இருக்கின்றன. அங்கே டயரின் பிடியெல்லாம் வண்டியைத் திருப்பவே செலவாகிவிடும், நிறுத்த மிச்சம் இருக்காது. வளைவின் நடுவில் கியரைத் தாழ்த்தி கிளட்சைச் சட்டென்று விடுவதும் பிரேக் அடிப்பதற்குச் சமம்.

வான் ரீனனில் பனி விழும் நாளில் போகாமல் இருப்பதே வழி. 2024 செப்டம்பரில் அங்கே கடும் பனி விழுந்து சாலை மூடப்பட்டு வண்டிகள் இரவு முழுதும் சிக்கிக் கிடந்தன. எச்சரிக்கை வந்ததும் ஹாரிஸ்மித்திலோ மூய் ரிவரிலோ நின்றுவிட்டால் போவது ஒரு நாள்தான். பாலங்கள் மேலும் நிழல் விழும் வெட்டுச் சாலைகளிலும் விடியற்காலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். முன் வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் தெறிப்பது சட்டென்று நின்றும் சாலை ஈரமாகவே தெரிந்தால், அது உறைந்த சாலை.

மடங்கத் தொடங்கினால்

பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கண் கண்ணாடிக்குப் போக வேண்டும். இது பழக்கமாகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதுபோல. ட்ரெய்லர் தன் லேனை விட்டு வெளியே வருவது தெரிந்தால்:

காலைப் பிரேக்கிலிருந்து எடுங்கள். மனம் இன்னும் அழுத்தச் சொல்லும், கேட்காதீர்கள். பூட்டிய சக்கரம் மறுபடி உருண்டால்தான் பிடி திரும்பும். ரிடார்டர் லீவரைப் பூஜ்யத்துக்குத் தள்ளுங்கள், கிளட்ச் உள்ள வண்டியில் கிளட்சை மிதியுங்கள். ஹார்ஸின் பின்பக்கம் இடப்பக்கம் போனால் ஸ்டியரிங்கையும் இடப்பக்கம் திருப்புங்கள், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். ஹார்ஸ் நேராக வரத் தொடங்கியதுமே ஸ்டியரிங்கைத் திருப்பி எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எதிர்ப்பக்கம் மடங்கும். வண்டி நேரான பிறகுதான் மறுபடி மெதுவாகப் பிரேக்.

ட்ரெய்லர் வால் மட்டும் வீசுகிறது, ஹார்ஸ் நேராக இருக்கிறது என்றால் பிரேக்கை விட்டாலே ட்ரெய்லர் பின்னால் வந்து சேரும். முன்னால் இடம் இருந்து, டிரைவ் சக்கரத்துக்குப் பிடியும் இருந்தால், லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து இழுக்கலாம். ட்ரெய்லரின் கை பிரேக் லீவரை இழுத்து நேராக்கலாம் என்று சிலர் சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள். ஏற்கெனவே பூட்டிச் சறுக்கும் சக்கரத்தை இன்னும் பூட்டுவது அது.

ஏபிஎஸ் எல்லா அச்சிலும் வேலை செய்யும் வண்டியில் அவசரத்தில் பிரேக்கை அழுத்தியே பிடித்து ஸ்டியரிங்கைப் பயன்படுத்தலாம். விட்டு விட்டு மிதிக்க வேண்டியதில்லை, அந்த வேலையைக் கருவி செய்கிறது. ஆனால் ட்ரெய்லர் பழையது, அதில் ஏபிஎஸ் இல்லை என்றால் கண்ணாடியைப் பார்த்து, ட்ரெய்லர் வீசினால் அழுத்தத்தைத் தளர்த்துங்கள்.

கேபின் ட்ரெய்லரை நெருங்கிவிட்ட பிறகு ஓட்டுநரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பெல்ட் போட்டிருப்பது மட்டும்தான் அப்போது உதவும். கேபின் நசுங்கும், டீசல் டேங்க் கிழியும், சூசி குழாய்கள் அறுந்து ட்ரெய்லர் சக்கரங்கள் அங்கேயே பூட்டும், வண்டி பக்கவாட்டில் சாயலாம். வீசும் ட்ரெய்லர் அத்தனை லேன்களையும் துடைப்பம்போலப் பெருக்கிக்கொண்டு போகும். பக்கத்து லேனில் இருப்பது பக்கி என்னும் சின்ன பிக்கப் வண்டியோ, பதினைந்து பேர் இருக்கும் டாக்சியோ, தப்ப இடம் இல்லை.

யார்டில் மெதுவாக நடக்கும் ஜாக்நைஃப்

உயிர்ச்சேதம் குறைவு, ஆனால் புதியவர்களுக்கு அதிகம் நடப்பது இதுதான். பின்னால் எடுக்கும்போது ட்ரெய்லரின் வாலை இடப்பக்கம் அனுப்ப ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். கொஞ்சமாகத் திருப்பி, உடனே அதைத் துரத்திப் பிடிப்பதுபோல எதிர்ப்பக்கம் திருப்புங்கள். கோணம் கூடிக்கொண்டே போய்க் கேபினின் மூலை ட்ரெய்லரை நெருங்கினால் நிறுத்தி, முன்னே எடுத்து நேராக்கி மறுபடி தொடங்குங்கள். எத்தனை முறை முன்னே எடுத்தாலும் அவமானம் இல்லை. குழாயும் காற்றுத் தடுப்பும் நசுங்கினால்தான் செலவு. சூப்பர்லிங்கை நேராகச் சில மீட்டருக்கு மேல் பின்னால் எடுக்க முயலாதீர்கள். வளைந்து பின்னால் போக வேண்டிய இடம் என்றால் ட்ரெய்லர்களைக் கழற்றி ஒவ்வொன்றாக உள்ளே விடுங்கள்.

கார் ஓட்டும் வீட்டாருக்கு

லாரிக்கு முன்னால் விட்டிருக்கும் காலி இடம் உங்களுக்காக விட்டதல்ல. அதில் புகுந்து பிரேக் அடித்தால் லாரிக்காரர் முன்னால் இரண்டே வழி: உங்களை இடிப்பது, அல்லது முழுப் பிரேக் அடித்து வண்டி மடங்க விடுவது. இறக்கத்தில் லாரியின் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கடப்பதானால் சீக்கிரம் கடந்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் இருங்கள். ட்ரெய்லரின் வால் கோட்டைத் தாண்டுவது தெரிந்தாலோ அதன் டயரிலிருந்து புகை வந்தாலோ ஹாரன் அடிக்காமல் பின்வாங்குங்கள். தைப்பூசத்துக்கும் பண்டிகை விடுமுறைக்கும் குடும்பமாக என்3-இல் போகிறவர்கள் இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

மடங்கி நின்ற பிறகு

எஞ்சினை அணைத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, வண்டிகள் வராத பக்கம் இறங்குங்கள். டீசல் ஒழுகினால் சிகரெட் பற்றவைக்க யாரையும் விடாதீர்கள். முக்கோணத்தைக் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வைக்கச் சட்டம் சொல்கிறது. என்3 வேகத்துக்கு அதைவிடத் தள்ளியே வையுங்கள், வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே. முக்கோணத்தைக் கையில் நீட்டிப் பிடித்தபடி தடுப்புக்கு வெளியே நடந்து போங்கள். செல்போனிலிருந்து 112, போலீசுக்கு 10111. சாலையின் பெயர், போகும் திசை, அருகிலுள்ள கிலோமீட்டர் பலகையின் எண், எத்தனை லேன் அடைபட்டிருக்கிறது, சரக்கு என்ன என்பதைச் சொல்லுங்கள். பிறகு தடுப்புக்குப் பின்னால் மேட்டுப் பக்கமாக நில்லுங்கள். இரவில் குறுக்கே கிடக்கும் ட்ரெய்லரின் பக்கவாட்டு கண்ணுக்கே தெரியாது. பிரதிபலிக்கும் மஞ்சள் பட்டை அழுக்கில்லாமல் இருந்தால் அதுதான் அடுத்த மோதலைத் தடுக்கும்.

வண்டி ஓடுகிறதே என்று முன்னே இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள், ட்ரெய்லரைக் கழற்றவும் வேண்டாம். முறுக்கேறி நிற்கும் கிங்பின் விடுபட்டால் ட்ரெய்லர் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. கனரக மீட்பு வண்டி வரட்டும். பிறகு பட்டறையில் கிங்பின்னையும் அது பற்றவைக்கப்பட்ட அடித்தட்டையும் விரிசலுக்குச் சோதித்து, ஃபிஃப்த் வீல் தாடையையும் அதைத் தாங்கும் போல்ட்டுகளையும் சட்டத்தையும் பார்த்து, பூட்டிச் சறுக்கியதில் ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்த டயர்களைக் கழற்றிப்போட்ட பிறகுதான் அந்த வண்டிக்கு மறுபடி சரக்கு ஏற்ற வேண்டும்.